கயிற்று ஆன்ட்டி

கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள்தான் அவருக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். கயிற்றடியில் நிற்கிற ஆன்ட்டி, கயிற்று ஆன்ட்டி. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் அவரை ரமணனின் மாமி என்போம். ரமணனின் அப்பா 'தங்கச்சி' என்பார். நான் 'அன்ரி' என்றேன். சொந்தப் பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் இங்கே எழுதப்போவதில்லை.

ரமணனும் நானும் அப்போது தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரே வகுப்பு. எங்கள் வகுப்பில் கொஞ்சப் பேருக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. ரோபோச் சண்டை. ரோபோ என்றால் கை கால் வைத்த மனிதர் மாதிரி ஒன்றும் கிடையாது. தட்டையான ஓர் இரும்புப் பெட்டி, கீழே சில்லுகள், முன்னால் சுழலுகிற ஒரு தகடு. பழைய கார் வைப்பர் மோட்டர், எவருடையதோ ட்ரில் மெஷினின் பற்றரி, விளையாட்டுக் காரிலிருந்து எடுத்த ரிமோட். இப்படி இரண்டு பெட்டிகளைப் பலகை அடைத்த களத்துக்குள் மோத விடுவோம். அசைய முடியாமல் கிடப்பது தோற்றது. கொட்டாஞ்சேனையில் ஒரு மாதா கோயிலை ஒட்டி இருந்த மண்டபத்தை, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்த ஃபாதர் எங்களுக்குத் தந்தார். ரோபோக்களை அந்த மண்டபத்து அலுமாரியிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வருவோம். வயரும் பற்றரியும் ரிமோட்டும் ஒரே பையில் கிடக்க, ஒரு தமிழ்ப் பெடியன் குண்டென்று பிடிபடாமல் கொழும்பில் பஸ் ஏற முடியாத காலம் அது.

சண்டை நடக்கிற களத்தைப் பற்றி எங்களுக்குப் பயமில்லை. சுற்றிவரத் தடித்த பிளாஸ்டிக் தகடு அடித்திருந்தோம். பயமெல்லாம் மண்டபத்தின் பின்பக்கத்தில், மேசைகள் போட்டிருந்த இடத்தில். ஒரு சண்டை முடிந்து அடுத்தது தொடங்குமுன் எல்லாரும் அங்கேதான் ரோபோவைத் திறந்து வைத்துப் பழுது பார்ப்பார்கள். ஈயம் உருக்குகிற சோல்டரிங் அயன் ஒரு பக்கம், பொறி பறக்கிற கிரைண்டர் இன்னொரு பக்கம், சார்ஜ் ஏறிச் சூடாகிக் கிடக்கும் பற்றரிகள், யாரோ தவறுதலாக ஒரு சுவிட்சைத் தட்டினால் சுழலத் தயாராக இருக்கும் தகடுகள். பூசை முடிந்து வருகிற பிள்ளைகளுக்குச் சண்டையைவிட அந்த மேசைகளைத்தான் பிடித்தது. மேசை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு விரலை நீட்டுவார்கள். "தள்ளிப் போங்கோ" என்று கத்துவோம். போவார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபக்கத்தால் வருவார்கள்.

அவர் முதல்முறை அங்கே வந்தது ரமணனுக்குச் சோற்றுப் பார்சல் கொண்டு. வாசலில் நின்று உள்ளே பார்த்தார். ஒரு சின்னப் பெடியன், கிரைண்டர் பிடித்துக்கொண்டிருந்தவனின் முழங்கைக்குக் கீழே தலையை நீட்டிப் பொறி பறப்பதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவர் பார்சலை அப்படியே நிலத்தில் வைத்தார். நடந்து வந்து பெடியனை இரண்டு கமக்கட்டிலும் பிடித்துத் தூக்கினார். கொண்டுபோய் வெளியே விட்டார். பிறகு அடுத்த பிள்ளையை. அதற்கடுத்ததை. ஒரு சத்தமில்லை, ஒரு அதட்டல் இல்லை. மண்டபத்துக்குப் பின்னால் உடுப்புக் காயப்போடுகிற கயிறு ஒன்றை அவிழ்த்து வந்து, இரண்டு தூண்களுக்கிடையே பிள்ளைகளின் நெஞ்சளவு உயரத்தில் கட்டினார். கட்டிவிட்டு அதன் முன்னால் நின்றார்.

பின்னேரம் நாங்கள் எல்லாவற்றையும் அலுமாரியில் வைக்கும்வரை நின்றார். பார்சலை எறும்பு மொய்த்திருந்தது.

அடுத்த முறை ரமணன் அவரைக் கூப்பிடவில்லை. அவராகவே விடிய எழும்பித் தலை இழுத்து, சேலை உடுத்து, வாசலில் நின்றாராம். "தம்பி, வெளிக்கிடேல்லையே?"

அவருடைய முறை வேறு. நாங்கள் பிள்ளைகளைப் பார்த்து 'தொடாதே' என்போம். அவர் அந்தச் சொல்லையே சொல்லமாட்டார். வருகிற பிள்ளையின் இரண்டு கையிலும் எதையாவது கொடுத்துவிடுவார். ஒருத்திக்குக் கண்ணாடிகள் போட்ட பெட்டி. பொறி பறக்கும்போது நாங்கள் கண்ணுக்குப் போடுகிற கண்ணாடிகள் அவை. இன்னொருவனுக்கு ரோபோவின் சில்லு மேசையில் முட்டாதபடி கீழே வைக்கிற மரக்கட்டை. "இதைக் கவனமாப் பிடிச்சுக்கொண்டு நில்லும். அண்ணா கேக்கேக்க குடுக்கவேணும்." பிள்ளை கோயிலில் மெழுகுதிரியைப் பிடித்த மாதிரி நிற்கும்.

"ரெண்டு கையிலையும் வேலை இருந்தா பிள்ளை ஒண்டையும் தொடாது," என்பார். "கை சும்மா இருந்தாத்தான் ஆபத்து."

பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். "ஆன்ட்டி, அது கடிக்குமா?" "கடிக்கும்." "எத்தனை பல்லு?" "நான் எண்ணப் போகேல்லை. பயமா இருக்கு." தானும் பயப்படுகிறேன் என்று பெரியவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு அந்தப் பிள்ளைகள் கொஞ்சம் பின்வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

ரோபோ பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இருக்கவில்லை. எது ஓடினாலும் அவருக்குச் சனியன்தான். "அந்தச் சனியனை நிப்பாட்டிப்போட்டுச் சாப்பிடுங்கோ." சில நேரம் அவருடைய மறிப்பு எல்லை மீறும். முகத்துவாரத்திலிருந்து ஒரு இளைஞன் தன் ரோபோவோடு வந்திருந்தான். துறைமுகத்தில் வேலை செய்பவன், மீசை வைத்தவன், ஆனால் ஆள் குள்ளம். மேசைப் பக்கம் போகக் குனிந்து கயிற்றைத் தூக்கினான். அன்ரி தோளில் பிடித்துத் திருப்பிவிட்டார். அவன், "நான் சண்டைக்கு வந்தவன்" என்றான். "எல்லாரும் அதைத்தான் சொல்லினம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாரும்," என்றார். பெடியன் அவமானத்தில் சிவந்துபோய் வெளியே நின்றான். நாங்கள் அவன் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, வரவில்லை என்று எதிராளியை வென்றதாக அறிவித்தும் விட்டோம். பிறகு பெரிய சண்டை. அன்ரி மன்னிப்புக் கேட்டார். ஆனால் போகும்போது ரமணனிடம், "எண்டாலும் சின்னப் பிள்ளைதான் தம்பி அவன்" என்றார்.

ஒருநாள் ஃபாதரையும் மறித்தார். ஃபாதரின் நீளமான வெள்ளை அங்கி கிரைண்டரில் சிக்கிவிடுமாம். ஃபாதர் சிரித்தபடி அங்கியை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்படியும் விடவில்லை.

வெள்ளவத்தையிலும் அவர் இப்படித்தான். எங்கள் ஒழுங்கை கடற்கரையில் போய் முடியும். கடலுக்கு முன்னால் ரயில் பாதை. பின்னேரங்களில் ஒழுங்கைப் பிள்ளைகள் தண்டவாளத்தைத் தாண்டி மணலுக்கு ஓடுவார்கள். நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம். அன்ரி வந்தபின் அது முடியாமற் போயிற்று. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் வந்து நிற்பார். ரயில் தூரத்தில் பம்பலப்பிட்டியைத் தாண்டாத நேரத்திலும் பிள்ளைகளை நிறுத்தி வைத்திருப்பார். தாய்மார் என் அம்மாவிடம் வந்து முறைப்பட்டார்கள். "அந்த மனிசி எங்கட பிள்ளையளைக் கடற்காத்து வாங்கவும் விடுறா இல்லை. நாங்கள் என்ன பிள்ளை வளக்கத் தெரியாதவையே?"

அம்மா என்னைத்தான் அனுப்பினார், போய்ச் சொல்லிப் பார் என்று. அன்று பின்னேரம் போனேன். அவர் தண்டவாளத்தின் அருகே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் யாரும் இல்லை. நான் சொல்லவந்ததைச் சொல்லுமுன் அவர் கேட்டார்.

"பிள்ளை, உமக்கு எத்தினை வயசில கடல் காட்டினவை?"

"தெரியாது அன்ரி. பிறந்ததிலிருந்து பாத்துக்கொண்டுதானே இருக்கிறன்."

"என்ர சின்னவன் இன்னும் கடல் பாக்கேல்லை."

அன்றைக்குத்தான் அவர் தன்னைப் பற்றி என்னிடம் கதைத்தார். கிளிநொச்சிக்குப் பக்கத்தில் ஒரு முன்பள்ளியில் ரீச்சராக இருந்தவர். வயிற்றில் ஒரு கட்டி வந்து, அங்கே வெட்ட வசதியில்லாமல், சமாதான காலத்தின் கடைசியில் கொழும்புக்கு வந்திருக்கிறார். கணவரும் இரண்டு பிள்ளைகளும் அங்கே. மூத்தவள் மகள். சின்னவன் அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியவன். ஆஸ்பத்திரியில் திகதி கிடைத்து, வெட்டி, காயம் ஆறித் திரும்பிப் போகலாம் என்றபோது சண்டை தொடங்கிவிட்டது.

"அப்பவும் போயிருக்கலாம். ஓமந்தைச் சோதனைச்சாவடியால போக விட்டவை. இவர்தான் ரெலிபோனில சொன்னார், நீர் வராதையும், இஞ்சை இயக்கம் சண்டைக்கு வீட்டுக்கு ஒராள் எண்டு கேக்கத் தொடங்கிட்டுது, நான் பெரியவளையும் சின்னவனையும் எப்பிடியெண்டாலும் அங்காலை அனுப்பிவிடுறன் எண்டு. பிள்ளையளுக்கு வெளியில வரப் பாஸ் குடுக்கேல்லை. நான் வாறன் எண்டன். இவர் வேண்டாம் எண்டார். நான் போறதோ, அவையள் வாறதோ எண்டு கதைச்சுக் கதைச்சு, பாதை பூட்டுப்பட்டுது."

ரயில் ஒன்று வந்தது. எங்கள் சேலையும் சட்டையும் பறக்க, அது போய் முடியும்வரை அவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். நான் பல்கலைக்கழக வயதுப் பெட்டை. அவர் பிடியை எடுக்கச் சொல்லி என்னால் கேட்க முடியவில்லை. அம்மா சொல்லிவிட்டதையும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, "சொன்னனான், யோசிக்கிறன் எண்டவ" என்று அம்மாவிடம் பொய் சொன்னேன்.

பெரிய ஆபத்து ஒன்று எங்கள் மண்டபத்தில் நடந்தது அதற்குப் பிறகுதான். ரோபோக்களைப் பற்றி ஒன்றைச் சொல்லவேண்டும். விளையாட்டுக் கார் ரிமோட்டுகளில் பல ஒரே அலைவரிசையில் வேலை செய்யும். ஒருவனுடையதை அமத்தினால் இன்னொருவனின் ரோபோவும் அசையும். அதனால் மேசையில் இருக்கும்போது தகட்டின் துளைக்குள் ஒரு பெரிய ஆணியைச் செருகிப் பூட்டி வைக்க வேண்டும் என்பது எங்கள் விதி. அன்று ஒருகொடவத்தையிலிருந்து வந்த அணி, ஆணியைக் கழற்றி வைத்துவிட்டு மறந்துபோயிற்று. களத்தடியில் நின்ற எவனோ தன் ரிமோட்டைப் போட்டுப் பார்த்தான். மேசையில் கிடந்த அவர்களுடைய ரோபோ உயிர் வந்த மாதிரி ஒரு உறுமல் உறுமியது. கட்டையிலிருந்து துள்ளி, மேசையிலிருந்து விழுந்து, சீமெந்து நிலத்தில் பொறி பறக்கக் கயிற்றை நோக்கி ஓடியது.

எனக்கு நினைவிருப்பது அவருடைய முதுகுதான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற பிள்ளைகளை இரண்டு கையாலும் பின்னால் தள்ளிக்கொண்டே, ரோபோவுக்குப் பக்கவாட்டில் காலை வைத்து நின்றார். அது அவருடைய கெண்டைக்காலில் மோதி, சேலைக் கரையைச் சுற்றி இழுத்து, அந்தத் துணியாலேயே இறுகி நின்றது. ரமணன் பாய்ந்து பற்றரி வயரைப் பிடுங்கினான்.

இரத்தம் நிறைய. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவரை பேயறைந்த மாதிரி நின்ற எங்களுக்கு அப்போதுதான் இன்னொரு பயம் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் பொலிஸ் இருக்கும், காயம் எப்படி வந்தது என்று கேட்கும். முச்சக்கர வண்டிக்குள் ரமணன் அவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தான். "மாமி, ரிமோட் எண்ட சொல்லை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. மோட்டர் எண்டும் வேண்டாம். பற்றரி எண்டும் வேண்டாம்."

"அப்ப என்னத்தைச் சொல்ல?"

"கத்தி விழுந்தது எண்டு சொல்லுங்கோ."

வாசலில் நின்ற பொலிஸ்காரர் காலைப் பார்த்து, "மொக்கத உனே?" என்று கேட்டார். என்ன நடந்தது என்பதுதான் கேள்வி. அன்ரி தனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில், "பிஹிய வெட்டுணா மாத்தயா" என்றார். கத்தி விழுந்தது ஐயா. பொலிஸ்காரர் இவ்வளவு பெரிய கத்தியா என்று கையை விரித்துக் காட்டினார். அன்ரி தலையாட்டினார். அவர் எங்களைப் போக விட்டார். தையல் போட்டுக்கொண்டு வெளியே வரும்போது அவர் என் தோளில் பாரத்தைப் போட்டு நொண்டி நடந்தபடி ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "எனக்குக் கெண்டைக்கால். அந்தச் சின்னனுக்கு எண்டா இடுப்பு."

அதற்குப் பிறகு ரமணன் தனித்தனி அலைவரிசை ரிமோட் இல்லாமல் யாரையும் சேர்க்கவில்லை. அன்ரி ஒரு மாதம் வரவில்லை. வந்தபோது கயிற்றை இரட்டையாகக் கட்டினார்.

அவருடைய ஊர்ப்பக்கம், வன்னியிலிருந்து வருகிற அழைப்புகள் குறைந்துகொண்டு போயின. முதலில் கிழமைக்கு ஒருமுறை, எங்கேயோ ஒரு கொம்யூனிகேஷன் கடையில் வரிசையில் நின்று கணவர் எடுப்பார். பிறகு மாதத்துக்கு ஒருமுறை. பிறகு அந்தக் கடை இருந்த இடத்திலேயே ஊர் இல்லை என்று யாரோ சொன்னார்கள். கொழும்பில் எங்களுக்கு வானொலியும் தொலைக்காட்சியும் இருந்தன. ஒவ்வொரு நாளும் எந்த இடம் பிடிபட்டது என்று சொல்லும். ரமணன் வீட்டில் அந்த நேரத்தில் அவர் அறைக்குள் இருக்க மாட்டார். பின்பக்கம் போய்ப் பாத்திரம் கழுவுவார். கழுவி வைத்ததையே கழுவுவார் என்று ரமணனின் அம்மா சொல்லி அழுதார்.

நாங்கள் என்ன செய்தோம்? ஒன்றும் செய்யவில்லை. செய்ய ஒன்றும் இருக்கவில்லை. ரமணனின் அப்பா தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லாரிடமும் போனார். ஃபாதர்மாரிடம் போனார், காரியாலயங்களில் போய் நின்றார். எல்லாரும் பேர்களைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அன்ரி ஒவ்வொரு முறையும் சேலை மாற்றிக்கொண்டு அண்ணனோடு போவார். வந்து செருப்பைக் கழற்றும்போதே முகத்தைப் பார்த்தால் தெரியும்.

அப்படியான ஒரு ஞாயிறுதான் எங்கள் கடைசிச் சண்டை. அன்று அவர் வந்தார். கயிற்றைக் கட்டினார். கட்டிவிட்டு ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் அங்கே பார்த்ததில்லை.

நான் களத்தடியில் வேலையாக இருந்தேன். மேசைப் பக்கம் ஏதோ சிரிப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினால் பிள்ளைகள் உள்ளே நிற்கிறார்கள். ஒன்றிரண்டு அல்ல, வந்தவர்கள் எல்லாருமே. கயிற்றுக்குக் கீழால் ஒவ்வொருவராக நுழைகிறார்கள். அன்ரி அங்கேயே உட்கார்ந்து அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு சின்னப் பெட்டை அவர் முன்னால் நின்று, "ஆன்ட்டி, எனக்கு ஒண்ணும் தரல்ல" என்று இரண்டு கையையும் நீட்டியது. அவர் அந்தக் கைகளைப் பார்த்தார். ஒன்றும் கொடுக்கவில்லை. பிள்ளையும் உள்ளே போயிற்று.

ஓடிப்போய், "எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ, பற்றரியைக் கழட்டுங்கோ" என்று கத்தினேன். பெடியங்கள் ஆளுக்காள் பிள்ளைகளைப் பிடித்தார்கள். நான் அன்ரியிடம் வந்து குனிந்தேன். "அன்ரி, என்ன செய்யுது?"

"ஒண்டும் இல்லை பிள்ளை."

"பிள்ளையள் எல்லாம் உள்ளுக்க போட்டுதுகள்."

"ஓம். போகுதுகள்." பிறகு சொன்னார், கோபமில்லாமல், வேறு யாரையோ பற்றிச் சொல்வது போல: "மறிச்சு மறிச்சு நான் என்னத்தைக் கண்டனான், சொல்லும்."

அந்த நேரம் உள்ளேயிருந்து ஒரு அலறல். ஒரு பெடியன் சோல்டரிங் அயனைப் பிடித்துவிட்டான், சூடான பக்கத்தில். உள்ளங்கை வெள்ளையாகக் கன்றிப்போயிருந்தது. எங்களில் யாரும் அசையுமுன் அன்ரி எழும்பிவிட்டார். அவனைத் தூக்கிக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனார். கையைத் தண்ணீருக்குக் கீழே பிடித்தார். பெடியன் முதலில் கத்தினான், பிறகு விம்மினான், பிறகு பேசாமல் நின்றான். அவர் விடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவருடைய சேலை முழுக்க நனைந்துவிட்டது. கடைசியில் பெடியன்தான் அண்ணாந்து பார்த்துச் சொன்னான்: "போதும் ஆன்ட்டி. இப்ப வலிக்கல்ல. நீங்க அழவேணாம்."

பெடியனின் கை ஆறிவிட்டது. ஆனால் ஃபாதர் கூப்பிட்டு, ஊர் நிலைமை சரியில்லை, இதைக் கொஞ்சக் காலம் நிறுத்தி வையுங்கள் என்றார். நாங்களும் எதிர்த்துப் பேசவில்லை.

வன்னியில் சண்டை முடிந்துவிட்டது என்று கொழும்பில் வெடி கொளுத்தியபோது அன்ரிக்குத் தன் வீட்டாரைப் பற்றி ஒரு சொல்லும் தெரியாது. பாற்சோறு சமைத்துத் தெருவில் கொடுத்தார்கள். எங்கள் ஒழுங்கையில் எல்லாரும் யன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தோம். சில கிழமைகள் கழித்து, வவுனியாவில் யாரோ ஒரு தாதி மூலம் செய்தி வந்தது. பெரியவள் முகாமில் இருக்கிறாள். மற்ற இருவரையும் பற்றி ஒன்றுமில்லை.

ரமணன் வவுனியாவுக்குப் போவது ஆபத்து. அவனுடைய அப்பாவுக்கு நெஞ்சுவலி. பொம்பிளைப் பிள்ளை என்றால் கேள்வி குறைவு என்று நான் அன்ரியோடு போனேன். முகாமின் முட்கம்பிக்கு வெளியே இருந்து பார்க்கலாம், கொஞ்ச நேரம். எங்களைப் போலவே நிறையப் பேர். உள்ளேயும் வெளியேயும் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்திக் கதைத்தார்கள். மகளைக் கூட்டிவந்தபோது எனக்கு அடையாளம் தெரிய நியாயமில்லை, அன்ரிக்கே தெரியவில்லை. தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். யாருடையதோ சட்டை.

"அப்பா?" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். "முதலே."

"தம்பி?"

"பங்கருக்கதான் அம்மா இருந்தவன். கடைசியா நிண்ட இடத்தில. ரெண்டு நாளாத் தண்ணி இல்லை. நான் போய் எடுத்துக்கொண்டு வாறன் எண்டு எழும்பினவன். நான் மறிச்சனான் அம்மா. கையைப் பிடிச்சனான். உதறிப்போட்டு வெளியில ஓடினவன்..."

அன்ரி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஏதோ முக்கியமான ஒன்று விட்டுப்போனது போல நிமிர்ந்தார்.

"கால்ல செருப்புப் போட்டிருந்தவனோ?"

மகள் அவரையே பார்த்தாள். "இல்லை அம்மா. வெறுங்கால்."

"மண் சுட்டிருக்கும்," என்றார் அன்ரி.

ஆமிக்காரர் ஒருவர் வந்து நேரம் முடிந்தது என்று கையசைத்தார். அதட்டவில்லை; அவருக்கும் சின்ன வயதுதான். அன்ரி நகரவில்லை. நான் தோளைப் பிடித்து இழுத்துவர வேண்டியிருந்தது. பஸ் நிலையத்தில், "பிள்ளை, நீர் போம். நான் இஞ்சையே நிக்கப்போறன்" என்றார். சொன்ன மாதிரியே வவுனியாவில் ஒரு அறை எடுத்து, பார்க்க விடுகிற நாளெல்லாம் அந்தக் கம்பியடிக்குப் போனார். மகளை வெளியே விடும்வரை.

அவர்கள் இருவரும் பிறகு வவுனியாவுக்கு வெளியே ஒரு சின்னக் காணியில் வீடு போட்டு இருக்கிறார்கள் என்று ரமணன் சொன்னான். அவன் வெளிநாடு போய்விட்டான். நான் கொழும்பில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகி, அப்படியே ஆண்டுகள் போயின. வருஷப் பிறப்புக்கு ஒருமுறை எடுப்பேன். 'நல்லா இருக்கிறம்' என்பார்.

ஒரு பின்னேரம் அந்த இலக்கத்திலிருந்தே எனக்கு அழைப்பு வந்தது. மகள். குரலைத் தாழ்த்திக் கதைத்தாள்.

"அக்கா, எனக்கு யாழ்ப்பாணத்தில ஒரு வேலை கிடைச்சிருக்கு. நல்ல வேலை. அம்மா விடுறா இல்லை. இதுக்கு முதலும் ஒண்டு வந்தது, அதையும் விடேல்லை. கடைக்குப் போனாலும் கூட வாறா. கிணத்தடியில குளிக்கேக்கையும் பக்கத்தில நிக்கிறா. பஸ் ஏறப் போனன் எண்டா படலைக்குக் குறுக்க நிக்கிறா, அக்கா. தள்ளிக்கொண்டோ போறது? நான் சின்னப் பிள்ளை இல்லை. நீங்கள் ஒருக்கா அவவுக்குச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னாக் கேப்பா."

என்ன சொல்வதென்று நான் யோசிக்குமுன் ரெலிபோன் கை மாறியது. அன்ரியின் குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது. வேறொன்றும் மாறவில்லை.

"பிள்ளையே? சுகமா இருக்கிறீரே? இவள் ஏதோ உம்மட்டச் சொல்லுறாள் எண்டு விளங்குது. நீர் படிச்சனீர், வெளியில திரியிறனீர். வெளியில ஒண்டும் இல்லை எண்டு நீரே இவளுக்கு ஒருக்காச் சொல்லும். நீர் சொன்னாக் கேப்பாள்."

"அன்ரி..." என்றேன்.

"சொல்லுவீர்தானே?"

"ஓம் அன்ரி," என்றேன். மகளுக்கும் மனதுக்குள் ஓம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் ரெலிபோனை எங்கேயோ வைத்தார், வெட்டவில்லை. நானும் வெட்டவில்லை. பிறகு தூரத்தில் அவருடைய குரல் கேட்டது.

"எங்கை எழும்புறாய்?"

"இருட்டுப்படுது அம்மா. லைற்றைப் போடப் போறன்."

"இரு. நான் போடுறன்."